மெழுகு வச்சிட்டுப் போங்க

இல்லல்ல, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. கோட்டூர் தாண்டுற வரைக்கும் வெயில் இந்தப் பக்கந்தான் அடிக்கும். என் பையில மெழுகுவத்தி இருக்கு. உருகிடும்.

சிரிக்கிறீங்க. ஆயுத பூஜையும் அதுவுமா எல்லாரும் பொரிகடலை வாங்கிட்டுப் போறாங்க, இந்த ஆளு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போறானேன்னு. ரெண்டே ரெண்டுதான். பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கினேன்.

உங்க சட்டைப் பையில டெஸ்டர் இருக்கறதப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். மறைப்பானேன்? பின்னாடியெல்லாம் காலியாத்தான் கெடக்கு. ஈ.பி.யா? வயர்மேனா! ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு கரண்டு விஷயம் கேக்கணும். நான் கேக்கற ஆளுக்கு விஷயமும் தெரிஞ்சிருக்கணும், என்னையும் தெரிஞ்சிருக்கக் கூடாது. மன்னார்குடியில அப்படி ஒரு ஆளு எனக்குக் கிடையாது. எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

அங்க பாருங்க, டிரைவர் ஸ்டியரிங்குக்குச் சந்தனம் வைக்கிறாரு. வைக்கட்டும். நான் அந்தப் பக்கம் பாக்கல.

என் பேரு பக்கிரிசாமி. ரேடியோ ரிப்பேர். முப்பத்தெட்டு வருஷமா ஒரே கடை. இப்ப மிக்சியும் ஃபேனுந்தான் வருது, அத விடுங்க. விஷயம் இதுதான். என் தங்கச்சி செத்து இன்னியோட வருஷம். போன வருஷம் ஆயுத பூஜை அன்னிக்கு, கரண்டு அடிச்சு. ஊரெல்லாம் பூஜை, அந்த வீட்ல மட்டும் திதி. அன்னியிலேர்ந்து அவ வீட்டுக்காரர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. முந்தாநாள் காலையில போன் வருது. "மச்சான், வந்து அந்த ரேடியோ நாப்புக்கெல்லாம் மெழுகு வச்சிட்டுப் போங்க. நான் அதைக் கேக்கணும்." அவ்வளவுதான். வச்சிட்டாரு.

இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க. நான் போய் மெழுகு வச்சா, மெழுகு இல்லாததாலதான் அவ செத்தான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடாதா? வைக்க மாட்டேன்னா, ஒரு வருஷம் கழிச்சு மனுசன் வாயத் தொறந்து கேட்ட ஒரே காரியத்தைச் செய்யலன்னு ஆயிடும். திருத்துறைப்பூண்டி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நீங்க சொல்லிடணும், வைக்கவா வேண்டாமான்னு. மொதல்லேர்ந்து சொல்றேன். அப்பத்தான் என் நியாயம் உங்களுக்குப் புரியும்.

தங்கச்சி பேரு செண்பகம். என்னைவிட அஞ்சு வயசு சின்னவ. மாப்பிள்ளை பேரு தெட்சிணாமூர்த்தி, கூட்டுறவு பேங்க்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. நல்ல மனுசன். குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. கல்யாணத்துக்குச் சீரோட சீரா நான் என் கையாலயே ஒரு டிரான்சிஸ்டர் செஞ்சு குடுத்தேன். எட்டாம் நாள் நின்னு போச்சு. பேட்டரி ஒழுகினா நான் என்ன பண்ணுவேன்? மாப்பிள்ளை அப்ப சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னாரு. "மச்சான் கைவேலை, எட்டு நாள் ஆயுசு." வேடிக்கைக்குத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த வீட்ல எது நின்னாலும் அதே பேச்சு. கடிகாரம் நின்னா மச்சான் கைவேலை. குழாயில தண்ணி வரலன்னா மச்சான் கைவேலை. அவங்க வீட்டு மாடு பால் கறக்காம நின்னப்பவும் அதையே சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். முப்பத்திரண்டு வருஷம். இதெல்லாம் மனசுல வச்சுக்கற ஆளு இல்ல நான். கேட்டீங்களேன்னு சொல்றேன்.

கேக்கலயா? சரி.

அந்த வீட்ல ஒரு ரேடியோ. மாப்பிள்ளையோட அப்பா வாங்கினது. வெளிநாட்டு வால்வு செட்டு, மரப்பெட்டி, ரெண்டு ஆளு சேந்து தூக்கணும். அவரு டெய்லர். ஆயுத பூஜை வந்தா தையல் மிஷினுக்கு ஒரு பொட்டு, கத்தரிக்கோலுக்கு ஒரு பொட்டு, ரேடியோவுக்கு மட்டும் அஞ்சு பொட்டு வைப்பாராம். உச்சியில ஒண்ணு, முன்னாடி திருகுற நாலு நாப்புக்கும் ஒண்ணொண்ணு. அடுத்த வருஷம் பழச தொடைக்க விட மாட்டாரு. அது மேலேயேதான் வைக்கணும். அவரு போய், ரேடியோவும் வாய மூடி, இருபது வருஷம் ஆச்சு. பேசாத ரேடியோவுக்கு செண்பகம் வருஷா வருஷம் சந்தனம் வச்சுக்கிட்டு இருந்தா.

மாப்பிள்ளை ரிட்டயர்டு ஆனதும் ஒரு மாதிரி ஆயிட்டாரு. சாப்பிடுவாரு, சேர்ல உக்காந்து சுவத்தைப் பாப்பாரு. செண்பகம் என்கிட்ட வந்து அழுதா. "அண்ணே, இவரு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினா அதிகம். அப்பா ரேடியோ பாடினா மனசு தேறும்னு தோணுதுண்ணே." அப்படி அழுதவ, ரேடியோவ மொதல்ல என்கிட்டயா குடுத்தா? இல்ல. திருவாரூர்ல கமாலுதீன் பாய்னு ஒருத்தர், பழைய செட்டு வேலைக்குப் பேர் போனவரு. அவர்கிட்டக் கொண்டு போய்க் குடுத்திருக்கா. கூடப் பொறந்தவன் கடை வச்சுக்கிட்டு இருக்கேன், என்னைத் தாண்டி பஸ் ஏறிப் போயிருக்கா.

பாய் மூணு நாள் வச்சிருந்து திருப்பிக் குடுத்துட்டாரு. "இது தகரத்துலயே கரண்டு ஓடுற செட்டும்மா. டிரான்ஸ்பார்மர் கிடையாது. பழைய வீட்ல பொழங்க வேண்டாம். அழகுக்கு வச்சுக்கங்க"ன்னு சொன்னாராம். நான் அப்பவே சொன்னேன், அவரால சேசிஸைக் கழட்ட முடியல, அதான் கதை சொல்றாருன்னு. வயசாயிடுச்சு, கை நடுங்குது. கழட்ட முடியலன்னு ஒத்துக்க வேண்டியதுதானே?

சேசிஸ்னா வேற ஒண்ணுமில்ல தம்பி. வால்வு, காயில், கண்டன்சர் எல்லாம் நிக்கிற தகரத் தட்டு. ரேடியோவோட உசுரே அதுலதான் இருக்கு. பின் அட்டையக் கழட்டி, அடியில இருக்கற நாலு போல்ட்டைக் கழட்டிட்டா, இழுத்தா வரணும். ஆடி மாசம் முழுக்க நான் அதோட கெடந்தேன். வரல.

மூணு போல்ட்டு வந்துடுச்சு. நாலாவது துருப்புடிச்சு மரத்தோட மரமா கெடக்கு. தெனம் காலையில கடைய தொறந்ததும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அஞ்சு நாள். ஆறாவது நாள் சால்டரிங் அயர்னைப் பழுக்க வச்சு போல்ட்டுத் தலையில வச்சேன். சூட்டுல கிரீச்சுன்னு ஒரு சத்தம். வந்துடுச்சு. போல்ட்டெல்லாம் கழண்டாச்சு. சேசிஸ் வருதா? அசையக்கூட இல்ல.

உள்ள விளக்கடிச்சுப் பாத்தா, தகரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல ரப்பர் வாஷர். அத்தனை வருஷ சூட்டுல உருகி, தார் மாதிரி ரெண்டையும் கவ்விக்கிட்டு இருக்கு. ஆக்சா பிளேட்டைக் கல்லுல தேச்சு மெலிசாக்கி, உள்ள விட்டு, இழை இழையா அறுத்தேன். நாலு நாள். வெரல் எல்லாம் கீறல். அப்புறம் இழுத்தேன். ஒரு விரக்கடை வந்துச்சு. நின்னுடுச்சு.

அந்த இடத்துல வேற மெக்கானிக்கா இருந்தா ஒரு இழுப்பு இழுத்திருப்பான். எனக்கும் கை துடிச்சுது. இழுத்தா முன்னாடி கண்ணாடி போயிடும். ஸ்டேஷன் பேரெல்லாம் எழுதின கண்ணாடி, கொழும்பு, ரங்கூன் எல்லாம் இருக்கு அதுல. ஒடைஞ்சா வேற கிடையாது. முப்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு பெட்டிய ஒடைச்சதில்ல, ஒரு கண்ணாடிய கீறினதில்ல. அவ்வளவு பொறுமை. என் பொண்டாட்டியக் கேட்டா வேற மாதிரி சொல்லுவா.

பெட்டிய முன்னாடி திருப்பி வச்சு, ஒரு நாள் பூரா பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்பத்தான் புத்தியில பட்டுச்சு. நாப்பு! நாப்பு கழண்டாத்தானே அதோட தண்டு பெட்டி ஓட்டை வழியா உள்ள போகும்? நாப்பு நாலும் வெளியில நின்னு சேசிஸைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. நாப்புக்குப் பின்னாடி சணல் கயிறு சுத்தி இழுத்துப் பாத்தேன். சில செட்டுல வெறும் அழுத்தி விட்டிருப்பான், வந்துடும். இதுல வரல. ஸ்க்ரூ எங்கயாவது இருக்கணும். எங்க இருக்கு? நாப்பு சுத்தி சந்தனந்தான் இருக்கு. நாப்பது அம்பது வருஷச் சந்தனம், பட்டை பட்டையா, சுவத்துல ஏறின சுண்ணாம்பு மாதிரி.

வெந்நீர்ல துணிய நனைச்சு ஊற வச்சேன். ஒவ்வொரு பட்டையா வந்துச்சு. கடையெல்லாம் சந்தன வாசனை. அடியில நாப்போட பக்கவாட்டுல ஒரு சின்னக் குழி. குழிய மூடி மெழுகு. கருத்துப் போயி, கல்லு மாதிரி. ஊசிய வச்சு நோண்டினேன். உள்ள தலையில்லாத ஒரு குட்டி ஸ்க்ரூ! அதைக் கழட்டின ஒடனே நாப்பு என் கையில. நாலுக்கும் அதே மாதிரி. அப்புறம் சேசிஸைத் தொட்டேன், இழுக்கக்கூட இல்ல. கன்னுக்குட்டி மாதிரி வழுக்கிட்டு என் மடியில வந்து உக்காந்துச்சு. ஆள் இல்லாத கடையில நான் கை தட்டினேன் தம்பி. நிசமா.

என்ன? மெழுகு எதுக்குன்னு எனக்குத் தெரியுமாவா? தெரியாம என்ன. கம்பெனிக்காரன் புத்தி. கண்டவனும் கழட்டக் கூடாதுன்னு ஊத்தி மூடியிருக்கான். இருங்க, மீதியையும் கேளுங்க. நடுவுல கேட்டா எனக்குக் கோர்வை போயிடுது.

கோட்டூர் வந்துடுச்சு. ஏறட்டும், ஏறட்டும். இந்தம்மா கையில பூசணிக்காய் வேற. இங்க தள்ளி உக்காருங்கம்மா, இது உருகற சாமான்.

அப்புறம் என்ன, கண்டன்சர் எல்லாம் மாத்தினேன், ஒரு வால்வு கெடைக்காம மதுரை வரைக்கும் அலைஞ்சு வாங்கிட்டு வந்தேன். புரட்டாசி பொறந்து ரெண்டாம் நாள் கார் வச்சு ரேடியோவ மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போனேன். மேசை மேல வச்சாச்சு. மாப்பிள்ளை சேர்லேர்ந்து எந்திரிக்கல. "பாய் கழட்டவே முடியாதுன்னாரே மச்சான்"னு சொன்னாரு. பாய் அப்படிச் சொல்லவே இல்ல, அதை நான்தான் இவர்கிட்ட சொல்லியிருந்தேன். "பாருங்க மாப்பிள்ளை"ன்னு ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்தேன். நாலு நாப்பு, நாலு போல்ட்டு, பின் அட்டை. அஞ்சே நிமிஷம். சேசிஸை உருவி அவரு மடியில வச்சேன். ஒரு மாசமா வராதது, அஞ்சு நிமிஷத்துல! திரும்பவும் மாட்டினேன், பிளக்கைச் சொருகினேன், திருச்சி ஸ்டேஷனைத் திருப்பினேன். நாயனம்.

மாப்பிள்ளை எந்திரிச்சு வந்து பெட்டி மேல கைய வச்சாரு. "மச்சான், ஜெயிச்சிட்டீங்க"ன்னாரு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு அது ஒண்ணு போதும் எனக்கு. செண்பகம் அடுப்படி வாசல்ல நின்னு முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கறா. நான் சாப்பிடாமலே வந்துட்டேன், வயிறு அப்படி நெறைஞ்சு போச்சு.

ஒரே ஒரு குறைதான் சொன்னாரு. "அப்பா வச்ச சந்தனத்தையெல்லாம் கழுவிட்டீங்களே." அதுக்கு செண்பகம், "நான் திரும்ப வச்சிடறேங்க, அதே மாதிரி கெட்டியா"ன்னா.

மூணு வாரம். மூணு வாரமும் மனுசன் பேசினாராம், சிரிச்சாராம், சேதி கேட்டுட்டு அவகிட்ட அரசியல் பேசினாராம். தெனம் போன் பண்ணி என்கிட்ட சொல்லுவா. இதையும் நீங்க கணக்குல எடுத்துக்கணும் தம்பி. அந்த மூணு வாரத்தை நான்தான் குடுத்தேன்.

ஆயுத பூஜைக்கு என்னை வரச் சொல்லியிருந்தாங்க. போனேன். செண்பகம் தலைக்குக் குளிச்சு, வீடெல்லாம் கழுவி விட்டிருந்தா. சிமெண்டுத் தரை, ஈரம். மாப்பிள்ளை கற்பூரத் தட்டோட நிக்கிறாரு. மேல சீரியல் பல்பு போட்டிருந்தாங்க. அவ ரேடியோவ நிறுத்திட்டுத்தான் கிட்டப் போனா. நாப்பைத் திருகி, டக்குன்னு நிறுத்தினா. நான் பாத்தேன். அவ சாக்கிரதையானவ. உச்சியில ஒரு பொட்டு வச்சா. மொத நாப்புக்கு வச்சா. ரெண்டாவதுக்கு வச்சா. கொழகொழன்னு இருந்துச்சு சந்தனம், நிக்காம வழியுது. அப்ப யாரோ சொன்னாங்க, "அந்தக் குழிக்குள்ள போற மாதிரி நல்லா அழுத்தி வை, அப்பத்தான் பழசு மாதிரி நிக்கும்"னு. மூணாவது நாப்புக்கு மோதிர வெரலால அழுத்தினா.

சத்தமே இல்ல. கத்தக்கூட இல்ல. நின்ன இடத்துல மடிஞ்சு உக்காந்தா. சந்தனக் கிண்ணம் உருண்டு என் கால்கிட்ட வந்துச்சு.

யாரு சொன்னதா? கூட்டத்துல யாரோ. கூட்டம்னா... நாங்க மூணு பேருதான் இருந்தோம். மாப்பிள்ளை அதிகம் பேச மாட்டாரு.

சரி, நான்தான் சொன்னேன். சொன்னது தப்பா? ஒரு அண்ணன் தங்கச்சிகிட்ட சந்தனம் அழுத்தி வைன்னு சொல்லக் கூடாதா? நீங்க வயர்மேன், நீங்க சொல்லுங்க, பிளக்கைப் புடுங்காம ஈரக் கையோட யாராவது கிட்டப் போவாங்களா? நாப்புல நிறுத்தினாப் போதுமா? போதாது இல்ல? அதத்தான் நானும் சொல்றேன். பிளக்கைப் புடுங்கியிருக்கணும். கரண்டைத் தானா நிறுத்துற டிரிப்பரா? பழைய வீடு தம்பி, பியூஸ் கட்டைதான். அது என் பொறுப்பா?

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஒரு காரியம் பண்ணாரு. நான் அவ தலைய மடியில வச்சுக்கிட்டு கத்திக்கிட்டு இருக்கேன். அவரு ரேடியோ பிளக்கைப் புடுங்கி, வயரைச் சுருட்டி பெட்டிக்குப் பின்னாடி வச்சாரு. ஒரு போர்வைய எடுத்து ரேடியோ மேல போட்டாரு. அப்புறந்தான் வாசல்ல போய் ஆளைக் கூப்பிட்டாரு. போலீஸ் வந்து கேட்டப்ப, "சீரியல் பல்பு வயரு, ஈரக் கையால தொட்டுட்டா"ன்னாரு. அவரு என்னைப் பாக்கவே இல்ல. அப்படியே எழுதிக்கிட்டாங்க, கையெழுத்துப் போட்டாரு. ஊருக்கெல்லாம் இன்னிய வரைக்கும் அது சீரியல் பல்புதான்.

எனக்காகத்தான் சொன்னாருன்னு நீங்க நினைக்கிறீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அப்படியெல்லாம் இல்ல. அப்பா ரேடியோவப் போலீஸ் தூக்கிட்டுப் போயிடுமேன்னு பயந்திருப்பாரு. எனக்காகன்னா அப்புறம் ஏன் பேசல? எனக்காகன்னா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?

பொறந்த வீட்டுக் கோடி நான்தான் போடணும். கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தான். பச்சைச் சேலை எடுத்துட்டுப் போனேன், அவளுக்குப் பச்சைன்னா உசுரு. போத்தறதுக்குக் குனியறேன், மாப்பிள்ளை கைய நீட்டினாரு. என் கையிலேர்ந்து சேலைய வாங்கி, பிரிச்சு, அவரே போத்தினாரு. கால் வரைக்கும் இழுத்து ஒழுங்கா போத்தினாரு. ஏன்னு யாரும் கேக்கல. அழுகையில கண்ணு தெரியல, பாவம்னு என்னைத்தான் பரிதாபமாப் பாத்தாங்க. முப்பத்திரண்டு வருஷமா சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்குல்ல, மச்சான் கைவேலைன்னு. அன்னிக்கு அதைச் சொல்லிடுவாருன்னு பாத்துக்கிட்டே நின்னேன். சொல்லல. சொல்லியிருந்தா நான் அங்கயே அழுதிருப்பேன் தம்பி.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். எல்லாருக்கும் எலை போட்டாரு, எனக்கும் போட்டாரு. சாப்பிடுங்கன்னு பக்கத்துல இருந்தவரைப் பாத்துச் சொன்னாரு.

அதுக்கு மறுநாள் கமாலுதீன் பாய் என் கடைக்கு வந்தாரு. துக்கம் கேட்டுட்டு அந்த வீட்லேர்ந்துதான் வர்றாராம். போர்வை மூடின ரேடியோவ அங்க பாத்திருக்காரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. "பக்கிரி, அந்த நாப்புக் குழியெல்லாம் மெழுகு வச்சு அடைச்சிருந்துச்சே. திரும்ப வச்சியா?" என்ன மெழுகுன்னு கேட்டேன். அவரு என்னையே பாத்துட்டு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றாரு. அந்த செட்டுல சேசிஸ் தகரத்துல கரண்டு நிக்குமாம். நாப்புல நிறுத்தினாலும் நிக்குமாம். தகரத்துலேர்ந்து தண்டு, தண்டுலேர்ந்து அந்தக் குட்டி ஸ்க்ரூ. வெரல் படாம இருக்கத்தான் மெழுகாம். மெழுகு இருந்த வரைக்கும் அம்பது வருஷம் எவ்வளவு ஈரச் சந்தனம் வச்சாலும் ஒண்ணும் ஆகலயாம். எல்லாஞ் சொல்லிட்டு, "நான் கழட்ட முடியாம திருப்பிக் குடுக்கல பக்கிரி"ன்னாரு. அதை மட்டும் ஒரு தடவ சொல்லிட்டு, குடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

பாய்க்கு என் மேல பொறாமை. அவரால முடியாததை நான் முடிச்சேன்ல. என்னைப் பாத்துட்டுச் சும்மா போயிருக்கலாம். மாப்பிள்ளைகிட்டயும் இதைச் சொல்லிட்டு வந்திருக்காரு. அதனாலதான் இன்னிக்கு அவரு வாயில மெழுகுன்னு வருது. இல்லன்னா பேங்க்ல வேலை பாத்தவருக்கு மெழுகு எங்க தெரியும்?

இப்ப சொல்லுங்க தம்பி. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வைக்கவா, வேண்டாமா?

என்ன தம்பி, ஜன்னலுக்கு வெளிய பாக்கறீங்க? இவ்வளவு நேரம் கேட்டீங்க. கரண்டு படிச்ச ஆளு. என் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்றதுல உங்களுக்கு என்ன வந்துடப் போவுது? நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ.

ஊர் வந்துடுச்சு போலருக்கு. அந்தா, புளியமரம் தெரியுது. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரல, இந்த ஸ்டாப்புதான்.

இந்த மெழுகுவத்தியப் பாருங்க. வளைஞ்சு போச்சு. வெயில்ல படாம வச்சிருந்தேன். பைக்குள்ள கைய விட்டுப் புடிச்சுக்கிட்டே வந்திருக்கேன், அந்தச் சூடுதான்.

தம்பி, கோட்டூருக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கேட்டீங்க. மெழுகு எதுக்குன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமான்னு. நான் வேற ஏதோ சொல்லி அடைச்சுட்டேன்.

தெரியும். கடை போட்ட வருஷமே தெரியும். ரேடியோவ மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு மொத நாள், ஒரு டீக்கரண்டியில மெழுகை உருக்கி கையில வச்சுக்கிட்டு நாப்பு முன்னாடி உக்காந்துட்டேன். மொதக் குழிக்கு ஊத்தப் போனேன். ஊத்திட்டா நாளைக்கு மாப்பிள்ளை முன்னாடி அஞ்சு நிமிஷத்துல கழட்டிக் காட்ட முடியாதேன்னு தோணிச்சு. ஊசி வச்சு நோண்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்? காட்டிட்டு அப்புறம் வச்சுக்கலாம்னு கரண்டியக் கீழ வச்சேன். காட்டினேன். ஜெயிச்சிட்டீங்கன்னு சொன்னாரு. அந்தச் சந்தோஷத்துல மெழுகு என் நெனப்புலயே இல்ல தம்பி. அவ வெரல் அந்த மூணாவது நாப்புக்குப் போற வரைக்கும் நெனப்பு வரல. வெரல் பட்டப்ப வந்துச்சு.

அந்தக் கரண்டி இன்னும் என் மேசை டிராயர்லதான் கெடக்கு, மெழுகு அப்படியே ஒறைஞ்சு. அதைத் தொட முடியாமத்தான் புதுசா ரெண்டு வாங்கிட்டு வந்தேன்.

ஆளு எறங்கணும்பா, நிறுத்து! திதி குடுத்த ஈர வேட்டியோட ஸ்டாப்புல ஒருத்தர் நிக்கிறாரு பாருங்க. அவருதான் மாப்பிள்ளை. எந்த பஸ்ல வருவேன்னு நான் சொல்லவே இல்ல. வர்றேன் தம்பி, நான் எறங்கணும்.